பழைய ஒட்டுத்துணிப் போர்வையின் கட்ட அமைப்பை அப்படியே திரும்ப எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அலுமாரியின் அடித்தட்டில் மடித்துக் கிடக்கும் பழைய ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்து, அதே அமைப்பில் புதிதாக ஒன்று தைக்க நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் வைத்துப் பலருக்கு இந்த வேலையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். தையல் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிறத்தைப் பார்த்துக் கட்டத்தைப் பிரிக்கிறார்கள், உடனே கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். அமைப்பு இருப்பது தையல் கோட்டில். அதை முதலில் வாசித்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்கு.

உதாரணத்துக்கு என் பெரியம்மா தைத்த போர்வையையே எடுத்துக்கொள்கிறேன். சட்டை தைத்து மிஞ்சிய சீத்தைத் துண்டுகளால் ஆன ‘ஒன்பது சதுரக் கட்டங்கள்’ (மூன்று மூன்றாக ஒன்பது சின்னச் சதுரங்கள் சேர்ந்தது ஒரு கட்டம்), அவற்றுக்கு இடையே வெற்றுச் சதுரங்கள். உங்கள் போர்வை வேறு மாதிரி இருந்தாலும் வேலையின் ஒழுங்கு இதுதான்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர், இரும்பு அடிமட்டம், அளவு நாடா, ஒரு பிறிஸ்டல் போட், சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள், கழுவி அயன் பண்ணிய வெள்ளைக் கட்டில் விரிப்பு. இவ்வளவும் போதும்.

அளவு நாடாவை அடிமட்டத்தோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். பல வருடம் கழுத்தில் தொங்கிய துணி நாடா இழுபட்டிருக்கும். 60 அங்குலத்தில் அரை அங்குலம் பிசகினால் பிறகு எந்தக் கணக்கும் பொருந்தாது.

குண்டூசியும் மார்க்கர் பேனையும் பழைய போர்வைக்குக் கிட்டவே வரக்கூடாது. நம்முடைய கடற்கரைக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக்கறை துணியைவிட்டுப் போகாது. பேனை மை ஊறிப் பரவும். அடையாளம் வைக்கக் காகிதத் துண்டை அப்படியே மேலே வைத்தால் போதும்.

இன்னொன்று. வேலை முடியும்வரை போர்வையைக் கழுவ வேண்டாம். நனைந்த பழைய துணி தன் பாரத்திலேயே கிழியும், சாயம் இறங்கும், விட்டுப்போன தையல் முழுதாக அவிழும். வாசிக்க வேண்டிய எழுத்தை நாமே அழித்தது போலாகிவிடும். மாரி காலத்தில் அலுமாரியிலிருந்து எடுத்தது ஈரவாடை அடித்தால், நிழலில் விரித்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள்.

2. விரித்துப் படம் எடுத்தல்

தரையில் பன்பாய் விரித்தால் அதன் மேல் கட்டாயம் வெள்ளை விரிப்பைப் போடுங்கள். பன்னின் நுனி பழைய நூலில் கொழுவி இழுக்கும். தளஓடு பதித்த தரை என்றால் இன்னும் நல்லது. ஓட்டின் கோட்டோடு போர்வையின் ஓரத்தைச் சேர்த்து வைத்தால் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று உடனே தெரியும். கோணல் இருந்தால் கையால் தடவிச் சமப்படுத்தலாம், இழுக்கக்கூடாது.

ஏணியில் ஏறி நேர் மேலிருந்து ஒரு முழுப்படம். அப்புறம் நான்கு மூலைகளும் தனித்தனியாக. கிழிந்த இடம் இருந்தால் அதையும் கிட்டவாக எடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவு, யன்னலைச் சாத்திவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும்.

படம் எண்ணுவதற்கு மட்டும்தான், அளப்பதற்கு இல்லை. ஃபோனில் எடுக்கும்போது தூரத்துப் பக்கம் சின்னதாகத் தெரியும். ஒரு தங்கச்சி படத்தை அச்செடுத்து அதில் அடிமட்டம் வைத்து அளந்து வந்தார். மேல் வரிசைக் கட்டத்துக்கும் கீழ் வரிசைக் கட்டத்துக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் வந்தது. உண்மையில் இரண்டும் ஒன்றுதான்.

3. மிக நீளமான தையலைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

ஒட்டுத்துணி வேலையில் சின்னத் துண்டுகளை முதலில் இணைத்துக் கட்டம் செய்வார்கள். கட்டங்களை இணைத்து வரிசை செய்வார்கள். வரிசைகளை இணைத்துப் போர்வை ஆக்குவார்கள். ஆகவே எந்தத் தையல் நீளமோ அது பிந்திப் போட்டது, எது குட்டையோ அது முந்திப் போட்டது. ஒரு ஓரத்தில் தொடங்கி எங்கும் முறியாமல் மற்ற ஓரம்வரை ஓடும் தையல்தான் இரண்டு வரிசைகள் சந்திக்கும் இடம். ஓரமாகச் சுற்றியிருக்கும் கரைப்பட்டியின் தையலை இதில் சேர்க்க வேண்டாம், அது எல்லாவற்றுக்கும் பிந்தியது.

விரலை ஒரு தையலில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். கண்ணை நம்பவேண்டாம், நிறம் மாறும் இடங்களில் கண் தாவிவிடும். தையல் மேட்டை விரல் நுனி உணரும். ஒரு துணியின் நடுவில் போய் முட்டி நின்றால் அது வரிசைத் தையல் இல்லை. முட்டாமல் ஓரம்வரை போனால் இரண்டு நுனியிலும் காகிதத் துண்டு வையுங்கள். இப்படி ஓடும் தையல்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து முடியும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள்.

பிறகு எழும்பி நின்று காகிதங்களைப் பாருங்கள். நீளத் தையல்கள் போர்வையின் ஓரத்துக்குச் சமாந்தரமாக ஓடினால் அது நேர் அடுக்கு. மூலைவாட்டில் சரிந்து ஓடினால் சரிவு அடுக்கு, அதாவது ஒவ்வொரு கட்டமும் மூலையில் நிற்கும், டயமண்ட் வடிவில் தெரியும். நீளத் தையல்கள் சோடி சோடியாக, இடையில் ஒடுக்கமான துணியோடு ஓடினால், வரிசைகளுக்கு நடுவே இடைப்பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

பெரியம்மாவின் போர்வையில் எல்லாம் சரிந்து ஓடின. அதற்கு முன் நான் அதை நேர் அடுக்கு என்றே நினைத்திருந்தேன்.

4. கட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது

ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். ஒன்பது சதுரக் கட்டத்தில் நான்கு மூலையும் நடுவும் கடும் நிறம், மற்ற நான்கும் வெளிர் நிறம். அந்தக் கட்டத்தை மூலையில் நிறுத்தினால், மூலை–நடு–மூலை என்று மூன்று கடும் சதுரங்கள் மேலிருந்து கீழாக நேராக நிற்கும். அடுத்த கட்டத்தின் மூலை அதோடு முட்டும். முழுப் போர்வையிலும் கடும் நிறச் சங்கிலிகள் நேராக இறங்கும், குறுக்காகவும் ஓடும். நான்கு சங்கிலிகளுக்கு நடுவே வெற்றுத் துணி தெரியும். கண் அந்தச் சங்கிலியைத்தான் பிடிக்கும். நானும் சங்கிலிக்குள் இருந்ததையே ஒரு கட்டம் என்று எடுத்து, முக்கோணங்களாக வெட்டி, பன்னிரண்டு கட்டம் தைத்து முடித்தேன். ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு சந்தியிலும் தேவையில்லாத ஒரு தையல். பன்னிரண்டையும் அவிழ்க்க மூன்று பின்னேரம் போனது.

கட்டத்தின் எல்லையை இப்படிப் பிடியுங்கள். இரண்டு வரிசைத் தையல்களுக்கு நடுவே உள்ள ஒரு வரிசையை எடுங்கள். அந்த இரண்டையும் முழுதாகத் தொடும் குறுக்குத் தையல்கள்தான் கட்டத்தின் ஓரங்களாக இருக்க முடியும். ஒன்பது சதுரக் கட்டத்துக்குள்ளேயும் சில தையல் இப்படி முழுதாக ஓடும், அதனால் அடுத்த கேள்வி: இதே துண்டு, இதே ஒழுங்கில் திரும்ப எங்கே வருகிறது? எங்கள் வரிசையில் மூன்று சதுரம் அகலத்தில் ஒரு கூட்டம், பிறகு தையலே இல்லாத வெற்றுச் சதுரம், மறுபடி மூன்று. ஆக இரண்டு வகைக் கட்டம், மாறி மாறி.

பழுது பார்த்த இடங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது பிறகு போட்ட ஒட்டாக இருக்கலாம். அந்த இடத்துத் தையல் நூலின் நிறத்தையும் தையல் நெருக்கத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். அதை அப்படியே விடுவதா திருத்துவதா என்பது உங்கள் விருப்பம். நான் அப்படியே விட்டேன், அந்த ஒட்டைப் போட்டதும் ஒரு கைதானே.

5. அளவெடுத்தல்

ஒரு கட்டத்தை அளந்துவிட்டு அதுதான் அளவு என்று எழுதாதீர்கள். கையால் வெட்டி, பல தரம் கழுவி, வெவ்வேறு துணி வெவ்வேறாகச் சுருங்கியிருக்கும். போர்வையின் நடுவிலும் ஓரங்களிலும் இருந்து பத்துக் கட்டங்களைத் தையலிலிருந்து தையலுக்கு அளந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். எனக்கு 8⅝ முதல் 9 வரை வந்தது.

அப்புறம் நீளமான ஓர் அளவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். குறுக்கே ஐந்து கட்டம் மூலைக்கு மூலை 62½ அங்குலம். ஐந்தால் பிரித்தால் 12½. இது மூலைவிட்டம், ஆகவே 1.414ஆல் பிரிக்க வேண்டும்: 8.84. ஒவ்வொரு கட்டமாக அளக்கும்போது வரும் பிழை இதில் கரைந்துபோகும்.

8.84ஐ அப்படியே தைக்கப் போனால் அவதி. கட்டம் மூன்றாகப் பிரிய வேண்டும், அடிமட்டத்தில் இருக்கிற அளவாகவும் இருக்க வேண்டும். பழையது சுருங்கித்தான் 8.84 ஆகியிருக்கிறது. 9 என்று எடுத்தேன். ஒவ்வொரு சின்னச் சதுரமும் 3 அங்குலம்.

6. கொப்பியில் வரைதல்

முதலில் கட்டங்களை மட்டும் வரையுங்கள், நிறம் வேண்டாம். சரிவு அடுக்கு என்றால் கொப்பியைச் சாய்த்து வைத்து வரைந்தால் கோடு ஒத்துவரும். ஒன்பது சதுரக் கட்டத்துக்கு ‘ஒ’, வெற்றுக்கு ‘வெ’ என்று எழுதி எண்ணுங்கள். எங்களுடையதில் குறுக்கே 5, நீளத்துக்கு 6, ஆக 30 ‘ஒ’. அவற்றின் இடையில் 4 பெருக்கல் 5, ஆக 20 ‘வெ’. ஓரத்தில் பாதியாக நிற்கும் பக்க முக்கோணங்கள் 18. மூலை முக்கோணங்கள் 4. எண்ணிக்கையைப் படத்தோடு ஒருமுறை சரிபாருங்கள்.

அமைப்பு சரியென்று தெரிந்த பிறகே நிறம். வெளுத்துப்போன துணியின் பழைய நிறத்தைத் தையல் விட்ட இடத்தில் பார்க்கலாம். உள்ளே மடிந்திருந்த கால் அங்குலத்தில் வெயில் பட்டிருக்காது. சாம்பல் நிறம் என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு துண்டின் உள்மடிப்பு நல்ல கத்தரிப்பூ நிறம், அதில் இலைக்கொடிகூட அழியாமல் இருந்தது. தையல் தானாக விட்டிருந்தால் மட்டும் பாருங்கள், இதற்காக அவிழ்க்கவேண்டாம்.

7. வெட்டும் அளவுகளின் கணக்கு

போர்வையில் அளந்தது தைத்து முடிந்த அளவு. வெட்டும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் தையலுக்குக் கால் அங்குலம் சேர்க்க வேண்டும். சதுரம் என்றால் மொத்தம் அரை அங்குலம். சின்னச் சதுரம் 3½, வெற்றுச் சதுரம் 9½.

முக்கோணத்தில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். சதுரத்தை வெட்டினால் முக்கோணம் வரும், சரி. எப்படி வெட்டுவது? போர்வையின் வெளி ஓரத்தில் வரும் பக்கம் நூல் ஓடும் திசையில் இருக்க வேண்டும், பாவு வாட்டிலோ ஊடை வாட்டிலோ. தையற்காரர் கிராஸ் என்று சொல்லும் சரிவு வெட்டு ஓரத்தில் வந்தால் போர்வை அலையலையாக நெளியும், பிறகு எந்த அயனும் அதைச் சமப்படுத்தாது.

பக்க முக்கோணத்துக்கு நீளப்பக்கம் வெளி ஓரம். அது நூல் வாட்டில் வர, ஒரு பெரிய சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நான்காக்க வேண்டும். சதுரத்தின் அளவு: கட்டத்தின் 9ஐ 1.414ஆல் பெருக்கி 1¼ கூட்டினால் ஏறக்குறைய 14. நான் 14½ வெட்டுவேன், மிச்சத்தைக் கடைசியில் சீவிவிடலாம். 18 முக்கோணத்துக்கு ஐந்து சதுரம், இரண்டு மிஞ்சும்.

மூலை முக்கோணத்துக்குக் குட்டைப் பக்கங்கள் இரண்டும்தான் வெளி ஓரம். ஆகவே சதுரத்தை ஒரே தடவை வெட்டி இரண்டாக்க வேண்டும். 9ஐ 1.414ஆல் பிரித்து ⅞ கூட்டினால் 7¼. நான் 7½ எடுப்பேன். இரண்டு சதுரம் போதும்.

மருதமுனையிலிருந்து வந்த ராத்தா ஒருவர் இரண்டு வகையையும் ஒரே மாதிரி வெட்டியிருந்தார். மேசையில் பார்க்கும்போது முக்கோணம் முக்கோணமாகத்தான் தெரிந்தது. தைத்து விரித்த பிறகே ஓரம் இழுபட்டது. துணியைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள், வெளி ஓரம் இழுபடக்கூடாது.

8. துணி

42 அங்குலம் பாவிக்கக்கூடிய அகலமுள்ள துணி என்று வைத்தால், 3½ அங்குலப் பட்டி ஒன்றில் 12 சதுரம் வெட்டலாம். கடும் நிறச் சதுரம் 150, ஆகவே 13 பட்டி, 45½ அங்குலம் நீளம். வெளிர் நிறம் 120, பத்துப் பட்டி, 35 அங்குலம். வெற்றுச் சதுரமும் முக்கோணங்களும் ஒரே துணியில் என்றால் 91 அங்குலம் வரும். சுருக்கத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் மீற்றர் வாங்குங்கள். கரைப்பட்டிக்குத் தனியாக.

எல்லாவற்றையும் வெட்டுமுன் கழுவிக் காயப்போட்டு அயன் பண்ணுங்கள். கைத்தறிப் பருத்தி எடுத்தால் நெருக்கமாக நெய்ததாகப் பாருங்கள். இழை அகன்ற துணி கால் அங்குல விளிம்பில் பிரிந்து வந்துவிடும்.

9. ஒரு கட்டம் மட்டும் தைத்துப் பாருங்கள்

மெசினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தைக் கால் அங்குலம் என்று நம்பாதீர்கள். ஊசியிலிருந்து அளந்து, தகட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 1/16 அங்குலம் கூடினால், ஒரு தையலில் இரண்டு பக்கம், ஒரு கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல், ஆகக் கட்டம் கால் அங்குலம் சிறுத்துவிடும். வெற்றுச் சதுரம் மட்டும் சரியாக இருக்கும், இரண்டும் ஒட்டாது.

மூன்று மூன்றாகச் சதுரங்களைத் தைத்து, தையல் விளிம்பைக் கடும் நிறத்தின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். முதல் வரியில் அது வெளிப்பக்கம் சாயும், நடு வரியில் உள்பக்கம் சாயும். இரண்டையும் சேர்க்கும்போது மேடும் மேடும் எதிரெதிராக முட்டித் தானாகவே பூட்டிக்கொள்ளும், மூலை பிசகாது. அயனைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் சதுரம் நீளும்.

முடிந்த கட்டம் 9½ இருக்க வேண்டும். பிறிஸ்டல் போட்டில் 9½ சதுரம் ஒன்று வெட்டி வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். முதல் கட்டம் சரியாகாமல் இரண்டாவதைத் தொடங்காதீர்கள்.

10. தரையில் அடுக்கி வரிசையாக இணைத்தல்

எல்லாக் கட்டங்களையும் கொப்பிப் படத்தின்படி தரையில் பரப்புங்கள். சரிவு அடுக்கில் வரிசைகள் மூலையிலிருந்து மூலைக்கு ஓடும், இது புதியவர்களைக் குழப்பும். எங்கள் போர்வையில் பத்து வரிசைகள்: 1, 3, 5, 7, 9, 9, 7, 5, 3, 1 கட்டங்கள். கூட்டினால் 50. வராவிட்டால் எங்கோ பிழை, தைக்குமுன் தேடுங்கள்.

ஒவ்வொரு வரிசையின் இரண்டு நுனியிலும் பக்க முக்கோணம் வரும். நடுவில் உள்ள இரண்டு ஒன்பது வரிசைகளில் மட்டும் ஒரு நுனியில் பக்க முக்கோணம், எதிர் நுனியில் மூலை முக்கோணம். மிச்சம் இரண்டு மூலை முக்கோணங்கள் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் எல்லாம் முடிந்த பிறகு.

பக்க முக்கோணத்தை வைக்கும்போது அதன் செங்கோண மூலையைக் கட்டத்தின் மூலையோடு சமமாக வையுங்கள். அந்த மூலை போர்வையின் நடுப்பக்கம் பார்க்க வேண்டும். மற்ற நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், நிற்கட்டும். அதை நடுவுக்கு இழுத்துச் சமப்படுத்தினால் வரிசை முழுதும் ஏறிவிடும்.

வரிசைக்கு இலக்கம் எழுதிய காகிதத்தை முதல் கட்டத்தில் குத்தி வையுங்கள், இது புதுத்துணி, குண்டூசி பாவிக்கலாம். ஒரு வரிசையைத் தைத்தவுடன் அதே இடத்தில் திரும்ப விரித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லாவற்றையும் கூடையில் போட்டு வைத்துத் தைத்தவர்கள் கட்டாயம் ஒரு வரிசையையாவது தலைகீழாக இணைத்திருக்கிறார்கள்.

11. ஓரம் சீவிக் கரைப்பட்டி போடுதல்

ஓரத்தில் நிற்கும் கட்டங்களின் மூலை நுனியிலிருந்து கால் அங்குலம் வெளியே அடிமட்டம் வைத்துச் சீவுங்கள். நுனியோடு ஒட்டி வெட்டினால் கரைப்பட்டி தைக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும்.

கரைப்பட்டியின் நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள். கையாளக் கையாள ஓரம் கொஞ்சம் நீண்டிருக்கும். போர்வையின் நடுவால், மேலிருந்து கீழ் ஒருமுறை அளந்து, இரண்டு நீளப்பட்டியையும் அந்த அளவுக்கே வெட்டுங்கள். சரிவு அடுக்கில் எங்கள் அளவுக்கு அது 76⅞க்குக் கிட்ட வரும், தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து. பட்டியின் நடுவும் போர்வையின் நடுவும் சேர, இரண்டு நுனியும் சேர ஊசி குத்தி, இடையில் உள்ளதைச் சமமாகப் பரப்பித் தையுங்கள். அந்த இரண்டையும் தைத்து அழுத்திய பிறகு, பட்டிகளையும் சேர்த்துக் குறுக்கே நடுவால் அளந்து மேல் கீழ்ப் பட்டிகளை வெட்டுங்கள்.